ஸ்டீராய்டு மாத்திரையை நாளைக் காலையே நிறுத்திவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஸ்டீராய்டு மாத்திரைகளின் கெடுதல் பற்றி நாளிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் அடிக்கடி எச்சரிக்கைகள் வருகின்றன. எலும்பு பலவீனமாகும், சர்க்கரை ஏறும், கண்ணில் புரை விழும், முகம் ஊதும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் எச்சரிக்கை பெரும்பாலும் அதோடு முடிந்துவிடுகிறது. மாதக்கணக்கில் அந்த மாத்திரையை விழுங்கி வந்தவர் செய்தியைப் படித்துப் பயந்து, மறுநாளே அதைக் குப்பையில் போட்டால் என்ன ஆகும் என்று சொல்வதில்லை. அவர் உயிருக்கே ஆபத்து வரலாம். சாப்பிடுவதால் வரும் கேடுகளில் பல மெல்ல மெல்லச் சேருபவை. திடீரென்று நிறுத்துவதால் வரும் கேடு சில நாட்களில் ஆளைச் சாய்த்துவிடும். இது தடுக்கக்கூடிய மரணம் என்பதால்தான் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

இரண்டு சிறுநீரகங்களின் மேலும் அட்ரினல் சுரப்பி ஒட்டியிருக்கிறது. ஒவ்வொன்றும் 4, 5 கிராம் எடைதான். அதன் வெளிப்பகுதியில் சுரக்கும் கார்டிசோல் இல்லாமல் உயிர் வாழ முடியாது. ரத்தக் குழாய்கள் தளர்ந்துவிடாமல் இருக்க, வெறும் வயிற்றில் கிடக்கும்போது கல்லீரல் சர்க்கரை தயாரித்துத் தர, உடம்பில் மிஞ்சிய தண்ணீர் சிறுநீராக வெளியேற, காய்ச்சலையும் அடிபட்டதையும் அறுவை சிகிச்சையையும் உடம்பு தாங்க, எல்லாவற்றுக்கும் அது வேண்டும். ஆனால் அட்ரினல் தன் விருப்பத்துக்கு அதைச் சுரப்பதில்லை. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைபோதலாமஸ், சி.ஆர்.எச். என்ற ஹார்மோனை விடுகிறது. அது மிகக் குறுகிய தனி ரத்தக் குழாய்கள் வழியே, அதற்கு நேர் கீழே இருக்கும் அரை கிராம் எடையுள்ள பிட்யூட்டரியைச் சேர்கிறது. பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. அது வந்து சேர்ந்தால்தான் அட்ரினல் வேலை செய்யும். ஏ.சி.டி.எச். மாதக்கணக்கில் வராவிட்டால் கார்டிசோல் சுரக்கும் அடுக்கு சுருங்கிப் போகும்.

இந்தச் சுரப்புக்கு நேரக் கணக்கு உண்டு. விடிவதற்கு முன்பே ஏறத் தொடங்கி, காலை 6 முதல் 8 மணிக்குள் உச்சத்தைத் தொட்டு, பகல் முழுக்க இறங்கி, நள்ளிரவு வாக்கில் அடிமட்டத்துக்கு வரும். ஒரு நாள் முழுக்க உடல் சுரப்பது மொத்தமாகவே ஏறத்தாழ 10 மி.கி. தான். போதுமா, குறைகிறதா என்பதை மூளை ரத்தத்தில் உள்ள கார்டிசோலை வைத்தே தெரிந்துகொள்கிறது. மொட்டை மாடித் தொட்டியில் மிதவை சுவிட்ச் வைத்திருக்கும் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் லாரித் தண்ணீர் வாங்கித் தொட்டியை நிரப்பினால் மோட்டார் ஓடவே ஓடாது. பல மாதம் ஓடாத மோட்டார் இறுகிப் போகும். அதன் பிறகு ஒருநாள் லாரி வராவிட்டால் தொட்டியும் காலி, மோட்டாரும் ஓடாது. கார்டிசோலைப் போலவே வேலை செய்யும் மருந்துதான் ஸ்டீராய்டு. வெளியிலிருந்து வரும் அது செய்வது இதைத்தான். மாத்திரையில் வந்ததா, சுரப்பி கொடுத்ததா என்று ஹைபோதலாமஸ் பிரித்துப் பார்ப்பதில்லை. போதுமான அளவு இருக்கிறது என்று தன் உத்தரவை நிறுத்திக்கொள்கிறது.

அளவு விஷயத்தில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 20 மி.கி. ஹைட்ரோகார்டிசோன், 6 மி.கி. டெஃப்ளசகார்ட், 5 மி.கி. பிரெட்னிசோலோன், 4 மி.கி. மெத்தில்பிரெட்னிசோலோன், 0.75 மி.கி. டெக்ஸாமெத்தசோன் ஆகிய எல்லாம் வீரியத்தில் ஏறத்தாழ ஒன்றே. அட்டையில் 0.5 மி.கி. என்று இருப்பதைப் பார்த்து "கம்மி பவர்தானே" என்று நினைப்பது பெரிய தவறு. டெக்ஸாவை இரவு 11 மணிக்கு 1 மி.கி. மட்டும் கொடுத்து, மறுநாள் காலை 8 மணிக்கு ரத்தம் எடுத்துப் பார்ப்பது எங்கள் துறையில் வழக்கமான பரிசோதனை. நலமாக இருப்பவருக்கு அந்த ஒரே இரவில் கார்டிசோல், ஒரு டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராம் என்ற அளவுக்குக் கீழே போய்விடும். ஒரு டோஸுக்கு மூளை அந்த அளவு அடங்கிப் போகிறதென்றால், அரை மி.கி. மாத்திரையைக் காலையும் இரவும் மூன்று மாதம் போட்டவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. இரவில் போடும் மாத்திரை விடியற்காலை உத்தரவையே வெட்டிவிடுவதால், அதே அளவைக் காலையில் போடுவதைவிட அதிகம் பாதிக்கிறது.

மருத்துவ உலகம் இதை ஆரம்பத்திலேயே தெரிந்துகொண்டது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1948 செப்டம்பரில் ஃபிலிப் ஹென்ச் குழுவினர் முடக்குவாத நோயாளி ஒருவருக்கு முதன்முதலாகக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தார்கள். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச், கெண்டல், ரெய்க்ஸ்டெயின் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு இரண்டே ஆண்டுகளில், 1952-இல், மாதக்கணக்கில் கார்டிசோன் எடுத்து வந்த ஒருவர் அறுவை சிகிச்சைக்குப் பின் ரத்த அழுத்தம் மீளாமல் இறந்ததும், அவருடைய அட்ரினல் சுருங்கிப் போயிருந்ததும் மருத்துவ இதழில் வெளியாகிவிட்டது. இவ்வளவு பழைய பாடம் இன்னும் கடைத்தெரு வரை வந்து சேரவில்லை.

தான் ஸ்டீராய்டு சாப்பிடுவதே தெரியாமல் சாப்பிடுபவர்கள் ஏராளம். மருந்துக் கடையில் "உடம்பு வலிக்கு ஒரு செட் குடுங்க" என்று கேட்டால் சின்னக் காகித உறையில் நாலைந்து மாத்திரை வருகிறது. அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பதால் பெயர் இருக்கும் பகுதி கடையிலேயே தங்கிவிடும். அந்தச் செட்டில் வலி மாத்திரை ஒன்று, அமிலத்துக்கு ஒன்று, அரிப்புக்கு ஒன்று, அவற்றோடு பொடியாக ஒரு வெள்ளை மாத்திரை இருந்தால் அது என்ன என்று கேட்டே ஆக வேண்டும். மூட்டு வலிக்கும் வீசிங்குக்கும் கைமருந்து என்று சொல்லி, பெயரோ உரிம எண்ணோ எதுவும் இல்லாமல் விற்கும் பொடிகளிலும் உருண்டைகளிலும் ஸ்டீராய்டு கலப்படம் ஆய்வுகளில் பிடிபட்டிருக்கிறது. முறையாகப் படித்துப் பதிவு பெற்ற சித்த மருத்துவர்களை இதில் சேர்ப்பது நியாயமில்லை. அவர்கள் பெயரையும் சேர்த்துக் கெடுப்பது இந்தப் பொடிகள்தான். பல வருட மூட்டுவலி இரண்டே நாளில் மறைந்து, பசி அள்ளிக்கொண்டு போய், ஒரு மாதத்தில் கன்னம் உப்பினால் அந்தப் பொடியைச் சந்தேகியுங்கள்.

களிம்பும் இதில் சேர்த்திதான். முகம் வெளுக்கவும் படர்தாமரைக்கும் பூசும் பல களிம்புகளில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் ஆகிய ஸ்டீராய்டுகள் இருக்கின்றன. 2018 முதல் இவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது மத்திய அரசின் விதி. குளோபெட்டசாலைத் தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேலோ, வாரத்துக்கு 50 கிராமுக்கு மேலோ பூசக் கூடாது. நாளைக்கு 2 கிராம் பூசியே பிட்யூட்டரி அடங்கிப் போனதும் பதிவாகியிருக்கிறது. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை டியூபிலிருந்து பிதுக்கினால் அரை கிராம். பெரியவரின் இரண்டு கைத்தலம் அளவு இடத்துக்கு அது போதும். அந்த நீளத்துக்கு நாலு தடவை பிதுக்கினால் 2 கிராம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். குழந்தைகளின் தோல் இன்னும் அதிகமாக உறிஞ்சும், அதிலும் டயப்பர் கட்டும் இடத்தில் பூசினால் அதிகம். மூட்டில் போடும் 40 மி.கி. டிரையம்சினோலோன் ஊசியும் சில வாரங்களுக்கு இந்தச் சுரப்பைத் தடுத்து வைக்கும். அதையும் ஸ்டீராய்டு கணக்கில் எழுத வேண்டும், யாரும் எழுதுவதில்லை.

இந்த மருந்து மக்களைப் பிடித்து வைப்பதற்கு வலி குறைவது மட்டும் காரணமில்லை. மூளையில் கார்டிசோலை ஏற்கும் இடங்கள் நிறைய இருக்கின்றன, குறிப்பாக நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகேம்பஸில். ஸ்டீராய்டு உள்ளே போனதும் மனம் உற்சாகமாகும், பசி கூடும், களைப்பு தெரியாது. "நல்ல மாத்திரை" என்று பெயர் வாங்குவது இப்படித்தான். அளவு ஏற ஏற அதே உற்சாகம் தூக்கமின்மையாகவும், எரிந்து விழுவதாகவும், சிலருக்கு மனப்பிறழ்வாகவும் மாறும். 1972-இல் பாஸ்டனில் வெளியான கணக்கு இன்றும் எடுத்துக் காட்டப்படுகிறது. தினம் 40 மி.கி. வரை பிரெட்னிசோன் எடுத்தவர்களில் 1.3 சதவீதம் பேருக்கும், 41 முதல் 80 மி.கி. எடுத்தவர்களில் 4.6 சதவீதம் பேருக்கும், 80-க்கு மேல் எடுத்தவர்களில் 18.4 சதவீதம் பேருக்கும் மனநலக் கோளாறு வந்தது. நிறுத்தும்போது எல்லாம் தலைகீழாகும். எதிலும் நாட்டமில்லாமை, அழுகை, யாரோடும் பேசப் பிடிக்காமை, வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வரை போகலாம். வீட்டில் இருப்பவர்கள் இதைச் சோம்பேறித்தனம் என்றோ வீம்பு என்றோ எடுத்துக்கொண்டு திட்டக் கூடாது. மூளைக்குப் பழகிப்போன ரசாயனம் குறைந்துவிட்டது. அதன் வெளிப்பாடு இது.

சட்டென்று நிறுத்தியவருக்கு என்ன நடக்கும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். இரண்டு மூன்று நாளில் காலையில் எழவே முடியாத அசதி வரும். சோற்றைப் பார்த்தாலே குமட்டும். கை கால் மூட்டு, தசை எல்லாம் வலிக்கும். பழைய நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து அதே மாத்திரையைத் தேடிப் போக வைப்பது இந்த வலிதான். எழுந்து நின்றால் தலை கிறுகிறுக்கும். படுத்திருக்கும்போது 100 இருந்த மேல் ரத்த அழுத்தம் நின்ற இரண்டு நிமிடத்தில் 80-க்கு வந்துவிடலாம். பிறகு வாந்தியும் வயிற்று வலியும் தொடங்கும். இந்த நேரத்தில் ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ சேர்ந்தால் மயக்கம், ரத்த அழுத்தம் சரிவு, மரணம்.

இதைக் கண்டுபிடிப்பது ஏன் தவறிப்போகிறது என்பதற்கும் காரணம் உண்டு. 1855-இல் தாமஸ் அடிசன் விவரித்த நோயில் அட்ரினலே அழிந்துவிடுவதால் தோலும் ஈறும் கறுத்துப் போகும், பொட்டாசியம் ஏறும். மாணவர்கள் மனப்பாடம் செய்வது அதைத்தான். ஸ்டீராய்டை நிறுத்தியவருக்கு இந்த இரண்டுமே இருக்காது. தோலைக் கறுக்க வைக்கும் ஏ.சி.டி.எச். குறைவாக இருப்பதால் தோல் கறுக்காது. உப்பைக் காக்கும் ஆல்டோஸ்டிரோன் வேறு உத்தரவில் இயங்குவதால் பொட்டாசியமும் ஏறாது. சோடியம் மட்டும் இறங்கும். கார்டிசோல் இல்லாதபோது, தண்ணீரைத் தேக்கி வைக்கும் வாசோபிரசின் மட்டுமீறிச் சுரக்கிறது. தேங்கிய தண்ணீரில் சோடியம் நீர்த்துப் போகிறது. முடிவில் சீட்டில் "அல்சர்", "வைரல் காய்ச்சல்", "லோ பிபி", "சோடியம் குறைவு" என்று ஏதாவது ஒன்று எழுதப்படுகிறது. வெறும் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினால் தற்காலிகத் தெம்பு வரும். ஆனால் அதில் உப்பு இல்லாததால் சோடியம் இன்னும் இறங்கும். பாட்டிலோடு டெக்ஸா ஊசியும் போட்டிருந்தால் ஆள் சில மணி நேரத்தில் எழுந்து உட்காருவார், எந்த மருந்தால் எழுந்தார் என்பது அவருக்குத் தெரியாது. நான்கு நாள் கழித்து மறுபடியும் அதே இடத்துக்கு வருவார். வயதானவருக்குச் சோடியம் திரும்பத் திரும்ப இறங்கினால் உப்புப் போட்ட மோர் கொடுத்து அனுப்புவதற்கு முன், கடந்த ஆறு மாதத்தில் என்ன மாத்திரை, பொடி, ஊசி, களிம்பு என்று நான்கையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். "ஸ்டீராய்டு சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும்.

சரி, எப்படி நிறுத்துவது? மூன்று, நான்கு வாரத்துக்கும் குறைவாக எடுத்தவருக்குச் சுரப்பைக் காப்பதற்காகப் படிப்படியாகக் குறைக்க வேண்டிய தேவை பொதுவாக இல்லை. எந்த நோய்க்காக ஸ்டீராய்டு கொடுத்தார்களோ அது திரும்பாமல் இருக்க மருத்துவர் குறைக்கச் சொன்னால் அது வேறு. நான்கு வாரத்தைத் தாண்டி, தினம் 5 மி.கி. பிரெட்னிசோலோனுக்குச் சமமாகவோ அதற்கு மேலோ எடுத்தவர் திடீரென நிறுத்தக் கூடாது. 2024-இல் ஐரோப்பிய, அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் ஏறத்தாழ இப்படிப் போகிறது. 40 மி.கி.க்கு மேல் இருந்தால் வாரம் 5 முதல் 10 மி.கி. குறைக்கலாம். 20-க்கும் 40-க்கும் இடையில் வாரம் 5 மி.கி. 10-க்கும் 20-க்கும் இடையில் ஒன்று முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 1 முதல் 2.5 மி.கி. பத்துக்குக் கீழே வந்துவிட்டால் ஒன்று முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 1 மி.கி. மட்டும். இவை மருத்துவருடன் உட்கார்ந்து பேச உதவும் எண்கள். வீட்டிலேயே கணக்குப் போட்டுக் குறைப்பதற்கானவை அல்ல. எந்த நோய்க்காக ஸ்டீராய்டு எடுத்தார் என்பதைப் பொறுத்து வேகம் மாறும்.

டெக்ஸா எடுத்து வந்தவரை முதலில் பிரெட்னிசோலோனுக்கோ ஹைட்ரோகார்டிசோனுக்கோ மாற்ற வேண்டும். டெக்ஸாவின் வீரியம் ஒன்றரை நாளுக்கும் மேல் நிற்பதால் மூளை விழித்துக்கொள்ள இடைவெளியே கிடைப்பதில்லை. மாற்றிய மருந்தை காலையில், சாப்பாட்டுக்குப் பின், ஒரே வேளையாகக் கொடுத்தால் பின்னிரவுக்குள் அளவு இறங்கும். ஹைபோதலாமஸ் குறைவை உணரும். நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. 1 மி.கி. வீதம் குறைக்க ஏற்ற சிறிய மாத்திரை பல ஊர்களில் கிடைப்பதில்லை. அப்போது 5 மி.கி. மாத்திரையைப் பாதியாக்கி ஒரு நாள் 5, மறுநாள் 2.5 என்று மாற்றி மாற்றிக் கொடுக்கலாம், அல்லது காலை 10 மி.கி., மதியம் 5 மி.கி. ஹைட்ரோகார்டிசோனுக்குப் போய்விடலாம். குறைக்கும்போது அசதியும் வலியும் அதிகமானால் முந்தைய படிக்குத் திரும்பி, இன்னும் மெதுவாக இறங்க வேண்டும். அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

5 மி.கி. அளவுக்கு வந்த பிறகு ரத்தப் பரிசோதனை கைகொடுக்கும். காலை 8 முதல் 9 மணிக்குள், அன்றைய மாத்திரையைப் போடுவதற்கு முன், முந்தைய மாத்திரையிலிருந்து 24 மணி நேரமாவது கழிந்த பிறகு கார்டிசோல் பார்க்க வேண்டும். மாத்திரையைப் போட்டுவிட்டு ரத்தம் கொடுத்தால், பல ஆய்வகக் கருவிகள் பிரெட்னிசோலோனையும் கார்டிசோல் என்றே எண்ணிவிடும். மாலையில் கொடுத்த ரத்தத்தால் பயனே இல்லை. அந்த நேரத்தில் எல்லோருக்கும் குறைவாகத்தான் இருக்கும். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு அளவு பொய்யாக உயர்ந்து காட்டும், அதையும் சொல்லிவிட வேண்டும். முடிவு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சுரப்பு மீண்டுவிட்டது, நிறுத்தலாம். 5-க்கும் 10-க்கும் இடையில் இருந்தால் அதே அளவில் தொடர்ந்து சில வாரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். 5-க்குக் கீழே என்றால் இன்னும் சில மாதம் பொறுக்க வேண்டும்.

எத்தனை மாதம்? நீண்ட காலம் அடங்கிக் கிடந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 1965-இல் வெளியான ஆய்வு இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. முதல் மாதம் ஏ.சி.டி.எச்., கார்டிசோல் இரண்டுமே குறைவு. இரண்டு முதல் ஐந்து மாதத்துக்குள் பிட்யூட்டரி விழித்து, வழக்கத்தைவிடவும் அதிகமாக ஏ.சி.டி.எச். சுரக்கிறது, ஆனால் சுருங்கிப்போன அட்ரினல் பதில் சொல்வதில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகுதான் கார்டிசோல் சரிநிலைக்கு வருகிறது. ஒன்பது மாதம் தாண்டியே முழுச் சங்கிலியும் நேராகிறது. மூளை முதலில் மீள்கிறது, சுரப்பி பின்னால் வருகிறது. நிறுத்தி ஆறு மாதம் ஆகிவிட்டது என்று பல் பிடுங்கும்போதோ குடலிறக்க அறுவை சிகிச்சையின்போதோ மயக்க மருந்து நிபுணரிடம் சொல்லாமல் விடக் கூடாது என்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

குறைத்துக்கொண்டிருக்கும் காலத்திலும் அதற்குப் பிறகு ஓராண்டு வரையிலும் காய்ச்சல் வந்தால் விதி வேறு. நலமாக இருப்பவருக்கு உடல்நலம் கெடும்போது மூளை கார்டிசோலைத் தானாகவே கூட்டிக்கொள்ளும், இவர்களுக்கு அப்படி ஏறாது. ஹைட்ரோகார்டிசோனில் இருப்பவர்கள் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய காய்ச்சலுக்கு அளவை இரண்டு மடங்கும், 39-ஐத் தாண்டினால் மூன்று மடங்கும் ஆக்கிக் காய்ச்சல் போகும்வரை தொடர வேண்டும். வாந்தி எடுத்தால் மாத்திரை வயிற்றில் நிற்காது, ஊசிதான் வழி. ஆள் சாயும் நிலைக்கு வந்துவிட்டால் 100 மி.கி. ஹைட்ரோகார்டிசோனை நரம்பிலோ தசையிலோ உடனே போட வேண்டும். முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் நார்மல் சலைன் (உப்பு நீர்) ஏற்ற வேண்டும். பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 50 மி.கி. ரத்தப் பரிசோதனை முடிவுக்காக இந்த ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. ஊசிக்கு முன் ஒரு குழாய் ரத்தத்தை எடுத்து வைத்துக்கொண்டால் போதும். சந்தேகத்தின் பேரில் ஒரு தடவை போட்டதால் எவருக்கும் பெரிய கேடு வராது. போடாமல் விட்டால் உயிர் போகும்.

காசநோய் சிகிச்சை தருபவர்கள் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிட்டு ஸ்டீராய்டை வேகமாகச் சிதைக்கும். 5 மி.கி. பிரெட்னிசோலோனில் தாக்குப்பிடித்து வந்தவருக்குக் காசநோய் மருந்து தொடங்கிய சில நாளிலேயே அது போதாமல் போகலாம். வலிப்புக்குத் தரும் ஃபெனிடாய்ன், கார்பமசெபின் ஆகியவையும் அப்படித்தான்.

நம் ஊரில் இந்தச் சங்கிலி வேறு வழிகளிலும் அறுபடுகிறது. கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவர்களில் சிலருக்கு, நஞ்சு ரத்தத்தை உறைய வைத்தும் கசிய வைத்தும் பிட்யூட்டரியையே அழித்துவிடும். பேறுகாலத்தில் பெரும் ரத்தப்போக்கு ஏற்பட்ட பெண்களுக்கும் இது நேரும். பால் சுரக்காது, மாதவிலக்கு திரும்பாது, அக்குள் முடி உதிரும், ஆண்டுக்கணக்கில் அசதி. இவர்களுக்குத் தைராய்டும் குறைந்திருக்கும். தைராய்டு மாத்திரையை மட்டும் முதலில் தொடங்கினால் உடலின் கார்டிசோல் செலவு கூடி, ஆள் சாய்ந்துவிடுவார். முதலில் ஹைட்ரோகார்டிசோன், அடுத்து தைராக்சின். இந்த வரிசை மாறவே கூடாது.

இதையெல்லாம் படித்துவிட்டு ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரைத் தூக்கி வைத்துவிட வேண்டாம். அதில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கு. வழக்கமான அளவில் இந்தச் சுரப்பைத் தொடுவது அரிது. சிறுநீரில் புரதம் கசியும் நெஃப்ராட்டிக் நோய் உள்ள குழந்தைகளுக்கும், உடலின் எதிர்ப்பு சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் உள்ளவர்களுக்கும் ஸ்டீராய்டு உயிர் காக்கும் மருந்து. கொரோனா காலத்தில் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வு, 6 மி.கி. டெக்ஸாவைப் பத்து நாள் வரை கொடுத்து, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை என்பதும் அதே ஆய்வில்தான் தெரிந்தது. யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள், எப்படி முடிப்பது என்று எழுதிக் கொடுத்தால் இதைவிட நல்ல மருந்து குறைவு.

அரசிடமும் மருத்துவர்களிடமும் கேட்பது சில எளிய காரியங்கள். மருந்துச் சீட்டில் "இது ஸ்டீராய்டு" என்று தமிழில் எழுதி, தொடங்கிய தேதியையும் குறைக்கும் அட்டவணையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பிரிட்டனில் 2020 முதல் இத்தகைய நோயாளிகளுக்கு அவசர அட்டை தருகிறார்கள். பணப்பையில் அடங்கும் அந்த அட்டையைப் பார்த்த உடனே எந்த மருத்துவமனையிலும் ஊசி போட்டுவிடுவார்கள். இங்கே அதைத் தமிழில் அச்சடிக்கப் பெரிய செலவு ஆகாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை கொண்டு செல்லும் பணியாளர்கள், வீட்டில் இருக்கும் மற்ற மாத்திரை உறைகளையும் பொடி டப்பாக்களையும் எடுத்துக் காட்டச் சொல்லலாம். ஸ்டீராய்டு என்று தெரிந்தால் "நிறுத்தாதீங்க, இதை எடுத்துக்கிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாங்க" என்று சொன்னால் போதும். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் 108 ஊர்தியிலும் 100 மி.கி. ஹைட்ரோகார்டிசோன் குப்பிகள் எப்போதும் இருப்பில் இருப்பதை மக்கள் நல்வாழ்வுத் துறை உறுதிசெய்ய வேண்டும். தூளாக வரும் அந்தக் குப்பியை 2 மி.லி. ஊசி நீரில் கரைத்தால் தொடைத் தசையிலேயே போடலாம். நரம்பு கிடைக்காத கிராமத்து இரவில் செவிலியர் ஒருவரே செய்துவிடக்கூடிய வேலை அது.

இப்படிக்கு,
நாளமில்லாச் சுரப்பி நோய் மருத்துவர்,
மதுரை.